அரைவேக்காடு

நாலு வருஷம் ஏழு மாசம்.
பதினோராயிரத்துச் சொச்சம் முட்டை.
ஒவ்வொன்றையும் உடைத்து, உள்சவ்வை உரித்து,
காயவைத்து,
திருகு அளவியின் இரண்டு உதட்டுக்கு நடுவே ஓட்டை நிறுத்தி
மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்த எண்கள்.
மூணு நிமிஷத்தில் சொல்லுங்கள் என்கிறார்
பெங்களூரிலிருந்து வந்தவர்.

நாமக்கல்லில், மின்விசிறி முனகும் கருத்தரங்கக் கூடத்தில்
ஆய்வு மாணவர்க்கான பணிவழிப் பயிற்சி, ரெண்டு நாள்.
ஒரு கோப்பு, ஒரு பேனா, கழுத்தில் தொங்க ஓர் அட்டை.
லோகநாயகி என்கிற என்னை
லோகநாயகம் என்று அடித்திருந்தார்கள்.
ஆறு மாசமாய் உதவித்தொகை வரவில்லை என்று
பின்வரிசையில் யாரோ எழுந்ததற்கு
"அது வேற செஷன்" என்றார்கள்.
நிரலைப் புரட்டிப் பார்த்தேன்.
அப்படி ஒரு செஷன் இல்லை.

"உங்க பலம் என்ன? ஒரே சொல்லில்."
ஜெபஷீலா எழுதினாள்: பொறுமை.
சிபிராஜ் எழுதினான்: பொறுமை.
நானும் அதையே எழுதி, அடித்துவிட்டு,
அளவெடுப்பது என்று போட்டேன்.

என் முறை வந்தது.
சித்திரை வெயிலில் கொட்டகைக் கோழி
வாயைத் திறந்து மூச்சு வாங்குவதில் தொடங்க நினைத்தேன்.
வாய் என்னவோ
பின்னணி, முந்தைய ஆய்வுகள், மாதிரித் தேர்வு என்றே போனது.
மணி அடித்துவிட்டார்கள்.
அதற்கப்புறம்தான் விஷயமே இருந்தது.

தேநீர் இடைவேளையில்
பஜ்ஜியைக் காகிதத்தில் ஒற்றியபடி
பயிற்சி தருகிறவர் குரலை இறக்கினார்:
"இங்க நிரந்தரமா ஏதாச்சும் காலியிடம் வருதுங்களா?
நானும் முனைவர்தானுங்க. ஆச்சு, எட்டு வருஷம்."
அதுவரை அவர் பேச்சில் ஒரு 'ங்க' வரவில்லை.
பரமத்திப் பக்கமாம்.
எனக்குப் பொக்கென்று ஆகிவிட்டது.
இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

ராத்திரி, விடுதி அடுக்களை.
ஓடு எனக்கு, உள்ளிருப்பது இரண்டாம் மாடிக்கு
என்றுதான் நாலு வருஷமாய் ஏற்பாடு.
அன்றைக்கு ஒன்றை உடைக்காமல் கொதிநீரில் இறக்கி
ஹசீனா சொன்னாள்:
"ஆரம்பி. நான் எடுக்கறப்ப நிறுத்திக்க."

நெறியாளர் என் முதல் வரைவைத்
தள்ளிவைத்துச் சொன்ன சொல், அரைவேக்காடு.
இப்போது அதைத்தான் எட்ட வேண்டியிருந்தது.

முதல் முட்டை கல்லாகிவிட்டது, நான் முன்னுரையில் இருந்தேன்.
இரண்டாவது வெடித்து
வெள்ளை நூல்நூலாய்ப் பிரிந்தது.
"ஓடு மெல்லிசு, வெயில்கால முட்டை" என்றேன்,
பேச்சைப் பாதியில் விட்டு.
"அதச் சொல்லுடி, மொதல்ல அதச் சொல்லு" என்றாள் ஜெபஷீலா.

சொன்னேன்.
கோழி மூச்சு வாங்குதுங்க.
வெறும் மூச்சுதானேன்னு நாம இருந்துடறோம்.
விடற ஒவ்வொரு மூச்சோடவும்
ஓட்டுல சேர வேண்டியது காத்துல போயிடுதுங்க.
தீனி குறையல. சுண்ணாம்பு குறையல.
கோழி மேல எந்தத் தப்பும் இல்லீங்க.
கொட்டகை அவ்வளவு சூடு.

சித்த நேரம் யாரும் பேசவில்லை.
ஹசீனா அடுப்பைத் தணித்தாள்.
அப்புறம் அவள் முறை:
லாரிப் பட்டை வில்லில் உலோகச் சோர்வு.
நாலு முட்டை பிடித்தது.

மறுநாள் ரெண்டு நிமிஷம் ஐம்பது நொடியில் முடித்தேன்.
கை தட்டினார்கள்; சான்றிதழ் தந்தார்கள்,
லோகநாயகம் பெயருக்கு.

பயிற்சியாளரின் எண் கோப்பின் பின்னட்டையில் இருந்தது.
ராசிபுரத்துக் கல்லூரி ஒன்றின் விளம்பரத்தை
அவருக்குத் தாட்டிவிட்டேன். கடைசி நாள் வெள்ளி.
நானும் போட்டிருக்கிறேன் என்பதை எழுதவில்லை.

வெடித்த முட்டையின் ஓட்டை
அன்றிரவே கழுவிக் காயவைத்திருந்தேன்.
வெந்த ஓடு கணக்கில் சேராது.
அளந்தேன்.
முன்னூற்று நாலு மைக்ரான்.